எஸ்டிமேட்டில் மரம் இருக்க வேண்டும்: ரோடு போடுபவர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் ஒரு கையேடு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் உள்ளாட்சி ரோடுகளுக்கு சர்வே எடுத்து வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். ரோடு அகலமாவதற்கு நான் எதிரி இல்லை. ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத தெருவும், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு நடக்கிற தெருவும் சீராகத்தான் வேண்டும். ஆனால் அப்படிச் சீராக்கும்போது விழுகிற பல மரங்கள் விழுந்திருக்கவே தேவையில்லை என்பதைக் களத்தில் நின்று பார்த்து வருகிறேன்.

மரம் வெட்டப்படும் நாளில்தான் தெருக்காரர்களுக்குச் செய்தி தெரிகிறது. அன்றைக்கு ஜேசிபி வாடகை ஓடிக்கொண்டிருக்கும், ஒப்பந்ததாரருக்குக் கெடு நெருங்கியிருக்கும், அதிகாரி கையில் அனுமதி ஆணை இருக்கும். மறித்து நின்றால் வேலை அரை நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த மரத்தின் கதி பல மாதம் முன்பே வரைபடத்திலும் எஸ்டிமேட்டிலும் முடிவாகிவிட்டது. காப்பாற்ற நினைப்பவர்கள் அந்தக் கட்டத்தில் உள்ளே நுழைய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெட்டாமல் விட்ட மரமெல்லாம் பிழைத்த மரம் ஆகிவிடாது. வேரை அறுத்து, காலடியில் கான்கிரீட் ஊற்றி நிறுத்திவைத்த மரம் சில வருஷத்தில் நுனியிலிருந்து காய்ந்து வரும், இல்லையென்றால் ஒரு பெருங்காற்றில் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நடைபாதைக் கல்லோடு சேர்ந்து பெயர்ந்து கிடந்த மரங்களில் பலவற்றுக்கு வேர் என்று சொல்ல ஒரு பிடிதான் இருந்தது. அதனால் கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் நடப்பதைப் பற்றியது.

டேப்பிலிருந்து தொடங்குங்கள்

ரோடு சர்வேயில் மரத்தை ஒரு புள்ளியாக வைத்துவிட்டுப் போவது வழக்கம். மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் வரைபடத்தில் ஒரே மாதிரி வட்டம் இருக்கும். எஸ்டிமேட் போடுகிறவர் அந்த வட்டத்தைப் பார்த்து 'இடையூறு' என்று எழுதுவார். முதல் வேலை இதை மாற்றுவது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுங்கள். பெயர், நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு (தரையிலிருந்து 1.37 மீட்டர், நாலரை அடி), கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பொந்து இருக்கிறதா, பட்டையில் காளான் இருக்கிறதா, ரோட்டின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பதிவு செய்யுங்கள். ஒரு போட்டோ. தெருச் சங்கத்தில் இரண்டு பேர் ஒரு டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிக்கக்கூடிய வேலை இது.

அப்புறம் வேர் வட்டம். தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பதை மரத்தின் இடமாகக் கருத வேண்டும் என்பது பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை சொல்லும் கணக்கு. கனமான, மரத்தைத் தாங்குகிற வேர்கள் விட்டத்தின் 3 மடங்கு ஆரத்துக்குள் இருக்கும் என்பது மரப் பராமரிப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. களத்தில் கால்குலேட்டர் தேடாமலிருக்க நான் இதைச் சுற்றளவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். மரத்தைச் சுற்றி அளந்த நீளத்தையே தண்டிலிருந்து தரையில் நீட்டுங்கள், அது உள்வட்டம். அதே நீளத்தை நான்கு முறை நீட்டுங்கள், அது வெளிவட்டம். ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள வேம்பு என்றால் உள்வட்டம் ஒன்றரை மீட்டர், வெளிவட்டம் ஆறு மீட்டர்.

ஆறு மீட்டர் என்றதும் எந்த இன்ஜினியரும் சிரிப்பார். தெருவே ஒன்பது மீட்டர்தானே! சரி, வெளிவட்டத்தை முழுதாகக் கேட்க வேண்டாம். உள்வட்டத்துக்குள் எந்த இயந்திரமும் எந்தப் பள்ளமும் வரக் கூடாது. உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவில் வேலை செய்யலாம், ஆனால் கையால் தோண்ட வேண்டும், மண்ணை இறுக்கக் கூடாது, மட்டத்தை உயர்த்தக் கூடாது. இப்படிப் பிரித்துச் சொன்னால் பேச்சு நகரும். நீர் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஓரிரு அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கிறது, மேலே என்ன செய்தாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று களத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த இரண்டு வட்டங்களும் வரைபடத்தில் ஏற வேண்டும். வெறும் புள்ளியாக இருந்த மரம் வட்டத்தோடு வந்ததும், அதன் மேல் வடிகால் கோடு போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் படும்.

எவ்வளவு அகலம், ஏன் அவ்வளவு என்று கேளுங்கள்

'ரோட்டை அகலப்படுத்துகிறோம்' என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை வண்டித் தடம், தடம் ஒன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர். வேகம் 40க்கு மேல் போகத் தேவையில்லாத ஊர்த் தெருவில் 3 மீட்டர் தடத்தில் பஸ் தாராளமாகப் போகும். பஸ்ஸின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர்தான். இரண்டு தடத்திலும் அரை அரை மீட்டர் குறைத்தால் ஒரு மீட்டர் கிடைக்கிறது. பல தெருக்களில் ஒரு வரிசை மரம் பிழைக்க அந்த ஒரு மீட்டர் போதும்.

ஒரு தெருவில் ஒரே நேரத்தில் எத்தனை வண்டி போகும் என்பதை அதன் மிகக் குறுகலான இடமும் சந்திப்புகளும் தீர்மானிக்கின்றன. நடுவில் ஒரு கட்டடமோ கோயிலோ நீட்டிக்கொண்டு ரோட்டை ஏழு மீட்டராக்கி வைத்திருக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் மரங்களை எடுத்துப் பத்து மீட்டராக்கினால் கிடைப்பது கார் நிறுத்த இலவச இடம்தான். இதை நான் ரொம்பவே அடித்துச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் பக்கம் அகலமான பிறகு அந்தக் கூடுதல் அகலம் முழுவதும் பார்க்கிங் ஆவதைத்தான் தெருத் தெருவாகப் பார்க்கிறேன். பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போன்ற தெருக்களைப் புதுப்பித்தபோது இதைச் சரியாகப் பிடித்தார்கள். வண்டிப் பாதையைத் தெரு நெடுக ஒரே அகலத்தில் வைத்து, மிச்சத்தை நடைபாதைக்கும் அதன் அடியில் குழாய், கேபிள்களுக்கும் கொடுத்தார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்திலும் வண்டிப் பாதையைச் சுருக்கித்தான் நடப்பவர்களுக்கு இடம் எடுத்தார்கள்.

பார்க்கிங் வேண்டியே இருக்கிறது என்றால், மரங்களுக்கு நடுவில் விடுங்கள். ரோட்டோரம் நீளவாக்கில் கார் நிறுத்தும் பட்டைக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். அதே பட்டையில்தான் மரமும் நிற்கிறது. இரண்டு கார், ஒரு மரம், இரண்டு கார், ஒரு மரம் என்று கெர்ப் கல்லை (நடைபாதையின் விளிம்புக் கல்லை) வளைத்துக் கொடுத்தால் மரமும் நிற்கும், காரும் நிற்கும்.

ஊருக்கு வெளியே போகிற ரோடுகளில் இரண்டு பக்கமும் சமமாக அகலப்படுத்துவதுதான் பெரிய சேதம். இரு ஓரத்திலும் இருக்கிற புளிய மரங்கள் இரண்டு வரிசையும் போய்விடும். ஒரு பக்கமாக மட்டும் அகலப்படுத்தினால் ஒரு வரிசை முழுதாக மிஞ்சும். இன்னும் இடமிருந்தால் மிஞ்சிய வரிசையை நடுத்திட்டாக வைத்து, அதற்கு அந்தப் பக்கம் புதிய பாதை போடலாம். நில எடுப்பு ஒரு பக்கமே விழும், அது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சங்கடம்தான். அதனால் இந்த யோசனையை நில எடுப்பு அறிவிப்புக்கு முன்பே சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு சொன்னால் யாராலும் மாற்ற முடியாது.

மரத்தில் மோதி உயிர் போகிறது என்ற வாதம் வரும். நியாயமான கவலை அது, ஒதுக்கக் கூடாது. வண்டி வேகமாகப் போகிற நெடுஞ்சாலையில் தார் விளிம்பை ஒட்டி நிற்கிற மரத்துக்கு முன்னால் இரும்புத் தடுப்பும் பிரதிபலிப்பானும் வேண்டும், வளைவில் பார்வையை மறைத்தால் அந்த ஒரு மரம் போகத்தான் வேண்டும். பிரதிபலிப்பானை மரத்தில் ஆணி அடித்து மாட்டாமல் தனிக் கம்பத்தில் வையுங்கள். ஊருக்குள் இருக்கிற மரத்துக்கு இந்த வாதமே பொருந்தாது. அங்கே குறைக்க வேண்டியது வேகம்.

வடிகால்தான் அதிக மரங்களைச் சாய்க்கிறது

தார் ரோட்டால் சாகும் மரத்தைவிட மழைநீர் வடிகாலால் சாகும் மரம் அதிகம் என்பது என் அனுபவம். காரணம் சுலபம். வடிகாலின் உள் அகலம் இரண்டடி என்று வரைபடம் சொல்லும். சுவர்க் கனம், ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடைப்பது) கட்ட ஆள் இறங்கி நிற்க இடம் எல்லாம் சேர்த்துப் பள்ளம் ஐந்தடி ஆகிவிடும். மரத்துக்கு மூன்றடி தள்ளித்தான் வடிகால் போகிறது என்று காகிதத்தில் இருந்தாலும், களத்தில் ஜேசிபியின் பல் தண்டுக்கு அருகில் வந்து நிற்கும்.

ஒரு சின்ன நகராட்சியின் குறுக்குத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வடிகால் பள்ளம் ஒரு முதிர்ந்த வேம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் கையால் தோண்டச் சொன்னேன். ஜேசிபி ஓட்டிய பையன் இறங்கி வந்தான்.

"ஏனுங்க்கா, ஒரே வாரு வாரினா முடிஞ்சு போயிருமுங்க. இதுக்குப் போயி ஆளு விட்டுத் தோண்டறதுங்களா?"

"வார்னா வேர் அந்தால அறுந்துக்காது தம்பி. தண்டு வரைக்கும் கிழிச்சுக்கிட்டு வரும். மண்ணை எடுத்துட்டு முதல்ல பாப்போம்."

மேஸ்திரி இரண்டு ஆட்களை இறக்கினார். கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்தி, சின்ன மண்வெட்டியால் ஒதுக்கி, கடைசியில் கையாலேயே துடைத்தார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், மணிக்கட்டுத் தடிமனில் இரண்டு வேர்கள் பள்ளத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. பட்டை ஈரமாக, செம்பழுப்பாக இருந்தது. அவற்றுக்குக் கீழே வெறும் கிராவல். ஒரு வேர் கூட இல்லை. வடிகாலின் அடிமட்டம் மூன்றடி. தெருவின் தலைமாட்டுப் பகுதி என்பதால் தண்ணீர் வரத்தும் குறைவு. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி, நடுவில் வேருக்கு அடியில் நுழைத்த 300 மில்லிமீட்டர் குழாய் என்று அந்த மூன்று மீட்டரை மட்டும் மாற்றிப் போட்டோம். தொட்டிகள் இருப்பதால் வண்டல் சேர்ந்தால் அள்ளிவிடலாம். கூடுதல் செலவு இரண்டு தொட்டியும் கொஞ்சம் கூலியும்.

தண்ணீர் வரத்து அதிகமான இடத்தில் இந்தக் குழாய் வேலைக்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். அங்கே வேறு வழி பாருங்கள். மரமில்லாத பக்கத்துக்கு வடிகாலை மாற்றலாம். இரண்டு பக்கமும் வடிகால் வேண்டும் என்று எங்கேயும் சட்டமில்லை; ரோட்டை ஒரு பக்கம் வாட்டமாகப் போட்டால் ஒரு வடிகாலே போதும். அல்லது ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, நடைபாதையின் வெளிவிளிம்பில், வீட்டுச் சுவரை ஒட்டிக் கொண்டுபோகலாம். வார்த்து வந்த ரெடிமேட் வடிகால் துண்டுகளை இறக்கினால் ஷட்டரிங்குக்கான இடம் மிச்சமாகும், பள்ளம் ஒடுங்கும்.

வடிகால் முடிந்ததும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, புதைவட மின்கேபிள், இணைய கேபிள் என்று வரிசையாக வருவார்கள். மின்கம்பியைத் தரைக்கு அடியில் கொண்டுபோனால் கிளைகள் தப்பும் என்று தெருக்காரர்கள் மகிழ்வார்கள். அந்தப் பள்ளம் வேரை அறுத்துவிடக் கூடாது. மர வரிசையை ஒட்டிய பகுதியில் பள்ளம் வெட்டாமல், ஒரு மீட்டருக்கும் கீழே துளைத்துக் குழாயைச் செலுத்தும் முறையைக் கேளுங்கள். அப்படிச் செலுத்தும்போதே காலிக் குழாய் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு வைத்தால் அடுத்த துறை வரும்போது மறுபடி தோண்ட வேண்டியதில்லை.

நடைபாதையும் மரத்தின் காலடியும்

ரோடுகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் 103ஆம் எண் வழிகாட்டுதல், நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், கெர்ப் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. இதை வைத்துக்கொண்டு, 'நடைபாதைக்கு இடைஞ்சல்' என்று மரத்தை எடுக்கச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் நிழலில்லாத நடைபாதையில் யார் நடக்கிறார்கள்? மரத்தை ஒட்டி நடைபாதை வளையட்டும். தேவைப்பட்டால் அந்த இடத்தில் ரோட்டுப் பக்கம் ஒரு அரை மீட்டர் உப்பி வரட்டும். சக்கர நாற்காலிக்கு எந்த இடுக்கிலும் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதில் மரத்துக்காகக் கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தண்டைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி சிமென்ட் இல்லாமல் விட வேண்டும் என்று மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எங்கள் பக்கம் இன்னமும் பேவர் பிளாக்கைத் தண்டோடு ஒட்டி அடுக்கி, இடுக்கில் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். ஆறடி கிடைக்காத தெருவில் நாலடியாவது விடுங்கள். குழியைத் தனித்தனிச் சதுரமாக வெட்டாமல், மரத்திலிருந்து மரத்துக்கு நீளமான மண் பட்டையாக விட்டால் இன்னும் நல்லது. ஆள் கால் வைக்கிற இடத்தில் மட்டும் இரும்புக் கிராதியோ, கலவை இல்லாமல் மணல் மேல் பதித்த கல்லோ போடலாம். மழைத் தண்ணீர் இறங்கிவிடும்.

மரத்தைச் சுற்றி மேடை கட்டுவது நம்மிடம் இருக்கிற பழக்கம். ஊர் அரசமரத்தடியில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு அந்த ஆசை இருப்பது இயல்புதான், எனக்கும் உண்டு. ஆனால் தெரு மரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே இரண்டடி மண் நிரப்பினால் தண்டின் அடிப்பட்டை புதைந்து அழுகும், வேருக்குக் காற்றுப் போகாது. உட்கார இடம் வேண்டுமென்றால் நான்கு கால் ஊன்றிய கல் பலகையோ இரும்பு பெஞ்சோ போடுங்கள், தரையை மூடாமல்.

தெருவிளக்கும் இங்கேயே சேர்ந்த விஷயம். ஒன்பது மீட்டர் கம்பத்தில் விளக்கு வைத்தால் வெளிச்சம் இலை மேல் விழும், அப்புறம் கிளையை வெட்டு என்பார்கள். இலைக் கூரைக்குக் கீழே, நாலைந்து மீட்டர் உயரத்தில், நெருக்கி நெருக்கி விளக்கு வையுங்கள். நடப்பவர்களுக்கு வெளிச்சம் முகத்தில் தெரியும். பஸ் நிறுத்தத்தையும் பெரிய மரத்தடியிலேயே குறியுங்கள். தகர நிழற்குடையைவிட அங்கே நிற்கத்தான் ஆள் விரும்புவார்கள்.

எஸ்டிமேட்டில் வரிகளாக எழுதுங்கள்

எஸ்டிமேட்டில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதற்குப் பணம் யார் தருவது? ஆகவே மரத்துக்கான ஒவ்வொரு வேலையும் அளவோடும் விலையோடும் ஒரு வரியாக வர வேண்டும். தண்டைச் சுற்றிச் சாக்கும் பலகையும் கட்டுவது. வேர் வட்டத்தைச் சுற்றித் தற்காலிக வேலி. வட்டத்துக்குள் கையால் மண் வெட்டுவதற்கான தனி ரேட். இயந்திர ரேட்டில் யாரும் கையால் தோண்ட மாட்டார்கள். மரக்குழி விளிம்புக் கல். பயிற்சி பெற்ற ஆளை வைத்துக் கிளை கழிப்பது. வெட்டக் கூடாத மரத்தைச் சேதப்படுத்தினால் பில்லில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற நிபந்தனை. புதுக் கன்றுக்கு மூன்று வருஷம் தண்ணீர், காவல், பட்டுப்போனால் மாற்றி நடுவது; அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாம் வருஷம் கன்று உயிரோடிருந்தால் கொடுப்பது.

மில்லிங் என்ற வரியையும் தேடிப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்தால், கெர்ப் உயரும், நடைபாதை உயரும், மரத்தின் காலடி மட்டும் பள்ளமாகி ஒரு நாள் மண்ணும் ஜல்லியும் போட்டு மூடப்படும். சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காக வந்தது அது. மரத்துக்கும் அதுவே மருந்து.

அனுமதியும் மனுவும்

பொது நிலத்தில் நிற்கும் மரங்களை வெட்டுவதைக் கட்டுப்படுத்த, தமிழக அரசு 2021இல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர், வனத்துறையும் அதில் உண்டு. ரோட்டுத் துறை அங்கே போய் ஒப்புதல் வாங்க வேண்டும். தெருச் சங்கத்தின் மனு அந்தக் குழு கூடுவதற்கு முன்பே ஆட்சியர் மேசைக்குப் போக வேண்டும்.

மனுவில் 'மரங்களைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. மர எண், சுற்றளவு, நடுக்கோட்டிலிருந்து தூரம், அதைக் காப்பாற்ற வரைபடத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று மரம் மரமாக எழுதுங்கள். "12ஆம் எண் புங்கன்: வடிகாலை 80 சென்டிமீட்டர் மேற்கே தள்ளினால் போதும்" என்று எழுதிய வரிக்கு ஒரு பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வரைபடம் கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கூட்டாய்வுக்கு நாள் கேளுங்கள். அதிகாரி வரும்போது சுண்ணாம்புப் பொடியால் வேர் வட்டத்தையும் வடிகால் கோட்டையும் தரையில் போட்டு வையுங்கள். காகிதத்தில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் புரியாதது தரையில் ஐந்து நிமிஷத்தில் புரியும்.

பணக் கணக்குக் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மேற்கு வங்கத்தில் ஜெசோர் ரோட்டு மரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதை 74,500 ரூபாயால் பெருக்கிக் கணக்கிடலாம் என்று சொன்னது. அந்த வழக்கில் 2023இல் ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதித்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மதிப்புக் கணக்கு மட்டும் மரத்தைக் காப்பாற்றாது, மாற்று வரைபடமும் கூடவே வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில்

வேலிக்குள் ஜல்லி, மணல், சிமென்ட் மூட்டை எதையும் கொட்ட விடாதீர்கள். ரோலர் அந்தப் பக்கம் அதிர்வோடு ஓடக் கூடாது. கலவை இயந்திரம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. சுண்ணச் சத்து மண்ணைக் கெடுத்துவிடும். தார் காய்ச்சும் அடுப்பை இலைக் கூரைக்கு வெளியே வையுங்கள்.

கட்டைவிரல் தடிமனுக்கு மேல், அதாவது 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிற வேரை யாரையும் கேட்காமல் வெட்டக் கூடாது. வெட்டியே ஆக வேண்டிய வேரைக் கூரான வாளால் நேராக அறுங்கள். திறந்து கிடக்கும் வேரை ஈரச் சாக்கால் மூடி, முடிந்தால் அன்றைக்கே மண் தள்ளுங்கள். நம் வெயிலில் ஒரு பகல் போதும் நுண்வேர் கருக. தெருவில் யாராவது ஒருவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, இந்த மரத்துக்கிட்ட மட்டும் பாத்துப் பண்ணுங்க" என்று சொன்னதில் பிழைத்த மரங்கள் எங்கள் பக்கம் நிறைய.

போகிற மரமும் வருகிற மரமும்

எல்லா மரத்தையும் காப்பாற்றச் சொல்வது நேர்மை இல்லை. உள்ளே பொந்து விழுந்து பள்ளி வாசலை நோக்கிச் சாய்ந்திருக்கிற மரம், சந்திப்பில் வருகிற வண்டியை மறைக்கிற மரம் போகட்டும். அதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால், மற்ற மரங்களுக்காகப் பேசும்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்.

வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதை எல்லாவற்றுக்கும் தீர்வாக நம்ப வேண்டாம். ஆல், அரசு, அத்தி வகைகள் நன்றாகப் பிழைக்கும். முதிர்ந்த புளி, வேம்பு கஷ்டம். செய்வதென்றால் மழைக்கு முன்னால், பெரிய மண் கட்டியோடு எடுத்து, வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றுக்குப் பத்து என்று கன்று நடச் சொல்கிறார்கள். அந்தப் பத்தும் எங்கே என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் நட்டால் இந்தத் தெருவில் நிழல் வராது. குறைந்தது இரண்டு கன்றாவது இதே தெருவில் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மின்கம்பி போகிற பக்கம் சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறு மரம். கம்பியில்லாத பக்கம் புங்கன், வேம்பு, பூவரசு, இடம் தாராளமாக இருந்தால் இலுப்பை, நீர்மருது. மகிழம் மெதுவாக வளரும், ஆனால் நடைபாதைக்கு அதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியவில்லை. நாவலை நடப்பவர்கள் மேல் பழம் விழாத இடத்தில், பூங்கா ஓரத்தில் வையுங்கள். பழக் காலத்தில் தரை வழுக்கி இருசக்கர வண்டிகள் சரியும். செம்மயில்கொன்றையும் (குல்மோகர்) தூங்குமூஞ்சியும் ஒடுக்கமான தெருவுக்கு வேண்டாம், கிளை முறியும். ஆலும் அரசும் வடிகால் பக்கமே வரக் கூடாது.

கன்று ஆளுயரத்துக்கு மேல் இருக்கட்டும்; முழங்கால் உயரக் கன்று ஆட்டுக்கும் சைக்கிளுக்கும் தப்பாது. குழியை மூன்றடி ஆழ அகலத்தில் எடுத்து, வெட்டிப்போட்ட ஜல்லியையும் சிமென்ட் கட்டியையும் பொறுக்கி எறிந்துவிட்டு நல்ல மண் போடுங்கள். ரோட்டோரக் குழிகளில் பாதி கட்டட இடிபாடுதான் இருக்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறையாவது தண்ணீர். மூன்றாம் வருஷம் கன்றைச் சுற்றிய இரும்புக் கூண்டைக் கழற்ற மறந்துவிடாதீர்கள். இரும்பு வளையம் பட்டைக்குள் புதைந்து கழுத்தை இறுக்கிய கன்றுகளை எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்றாவது காட்ட முடியும். ஒரு கம்பி வெட்டியை எடுத்துக்கொண்டு போனால் ஒரு மாலையில் ஒரு தெருவே முடிந்துவிடும்.